கேமரா பார்த்துக் கொடுத்தவர்

கைக்கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்த ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மணி கேட்டால் பேனாவுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவி எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வார். கடிகாரம் நல்ல கடிகாரம். பட்டைதான் இல்லை. பழைய பட்டை அறுந்த பிறகு அதற்கேற்ற பட்டை அவருக்கு அமையவே இல்லை. தோல் பட்டை வியர்வையில் நாறும். இரும்புப் பட்டை கை முடியைப் பிடுங்கும். பிளாஸ்டிக் பட்டை அவர் வயதுக்குப் பொருந்தாது. "பாத்துண்டிருக்கேன்" என்பார். பிற்பாடு வீட்டை மாற்றிக்கொண்டு தாம்பரம் பக்கம் போனார்களே, அன்றைக்கு லாரியில் ஏறும்போதும் கடிகாரம் பையில்தான் இருந்தது.

அபிராமபுரத்தில் ஒரு மாடி வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். அவருக்கு ஏதோ அரசாங்க அலுவலகத்தில் வேலை. அந்தத் தெருமுனையில் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் பூக்கடை. கடை என்றால் ஒரு பெஞ்சு, ஒரு குடை, ஈரச் சாக்கு, அவ்வளவுதான். வியாபாரத்தை அவள் பார்த்துக்கொள்வாள். நான் முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களுக்குப் போய் மணவறைக்கும் வாசலுக்கும் பூ அலங்காரம் செய்வேன். கைக்கு வேலை வரும், வாய்க்குப் பேச்சு வராது. அதனால் எங்கள் கடையில் அவள்தான் வாய்.

அவர் பூ வாங்க வந்தால் அவளே வாயை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பிவிடுவாள். "யோவ், உன் ஆளு வர்றாரு, நீயே பாரு." அவர் பெஞ்சுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு சரத்தையும் தூக்கிப் பார்ப்பார். மல்லி மொட்டாக இருக்க வேண்டும், ஆனால் அதிகம் மொட்டாக இருக்கக் கூடாது. நெருக்கமாகக் கட்டியிருந்தால் பூ நசுங்கியிருக்கும். தள்ளிக் கட்டியிருந்தால் நார் தெரியும். கடைசியில் மாடியிலிருந்து அக்கா குரல் கொடுப்பார்: "ஏன்டா, சாமிக்கு வாங்கறயா, இல்லே சாமியே வந்து வாங்கிக்கட்டும்னு நிக்கறயா?" அதற்குப் பிறகும் வெறுங்கையோடுதான் போவார். அக்கா படி இறங்கி வந்து, முதலில் கைக்கு வந்த சரத்தை எடுத்துக்கொண்டு போவார்.

அந்த வீட்டு முன்னறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பல நிறங்கள் பூசியிருக்கும். பச்சையில் சில, மஞ்சளில் சில, பெயர் சொல்லத் தெரியாத நிறங்கள் சில. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது எந்த நிறம் என்று பார்ப்பதற்காகப் பூசச் சொன்னவை. ஆள் போய்விட்டான். நிறங்கள் மட்டும் நின்றன. அக்கா அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டியிருந்தார். காலண்டரைச் சுற்றி நிறங்கள் எட்டிப் பார்க்கும். ஒருநாள் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு ஏன் கல்யாணம் ஆகல்லேன்னு ஊர்ல கேப்பா. நான் இந்தச் சுவத்தைக் காட்டிடுவேன்."

இப்படிப்பட்டவரிடம் போய்க் கேமரா வாங்க உதவி கேட்பார்களா என்று நீங்கள் நினைக்கலாம். நான் கேட்கவில்லை. அவராக வந்தார்.

லஸ் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே நிரந்தரமாக அலங்காரம் செய்துவந்தவர் தொழிலை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஆடி மாதத்தில் மேனேஜரைப் பார்க்கப் போனேன். நல்ல பருமனான மனிதர். பேச்சை வளர்க்க மாட்டார். "ஆல்பம் கீதா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "மண்டபம் புக் பண்ண வர்றவங்க மணவறை எப்படி இருக்கும்னு காட்டச் சொல்றாங்க. நான் இன்னாத்த காட்றது, உன் மூஞ்சியையா? மார்கழில வா. அப்பதான் மண்டபம் சும்மா இருக்கும். படத்தோட வா. தைக்கு ஆளு போட்றேன்."

அந்த மண்டபம் கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை. மழையிலும் வெயிலிலும் என் வீட்டுக்காரி தெருமுனையில் உட்கார வேண்டாம். எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. வாயால் என் வேலையை விற்க முடியாது, படம்தான் பேச வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள் எடுக்கும் படங்களில் என் அலங்காரம் மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அதையும் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். சின்னதாக ஒரு கேமரா வாங்கி நானே எடுத்துவிடலாம் என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தேன். இதை என் வீட்டுக்காரி தெருவுக்கே சொன்னாள். அன்று மாலையே அவர் படி இறங்கி வந்துவிட்டார்.

"கேமரா வாங்கறயாமே? நீயா போய் வாங்கிடாதே. ஏமாத்திடுவான். நான் பாத்துத் தரேன்."

அவர் சொந்தமாக ஒரு கேமராகூட வைத்திருந்ததில்லை. ஆனால் பழைய புத்தகக் கடைகளில் இங்கிலீஷ் கேமராப் பத்திரிகைகளை வாங்கி வந்து படிப்பார். வாங்கி என்று சொல்வது தவறு. அங்கேயே நின்று படிப்பார். பெட்டிமேல் எழுதியிருப்பது எனக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர் ஒருவர் கூட வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தி. நகர் பிதுங்கிக்கொண்டிருந்தது. பாண்டி பஜாரில் ஒரு கேமராக் கடை. மஞ்சள் சட்டை போட்ட விற்பனையாளர் நல்ல பொறுமைசாலி. ஒரு கேமராவை எடுத்து வைத்தார்.

"புதுசு சார். ரோல் போட்டா அதுவே சுத்திக்கும். அமுக்கினா போதும்."

"அதுவே சுத்திக்குமா? பாதியில நின்னுடுத்துன்னா?"

"நிக்காது சார்."

"மெஷின்னா நிக்கும்பா. நிக்காதுன்னு நீ எப்படிச் சொல்லலாம்?"

"அப்போ இது பாருங்க. கையால சுத்தறது."

"இந்தக் காலத்துல கையால சுத்தறதா? இவர் பூக்காரர். கை எப்பவும் ஈரமா இருக்கும். வழுக்கிடும்."

விற்பனையாளர் என் கையைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஒரு கேமராவுக்கு மூடி தனியாக இருந்தது. தொலைந்துவிடும் என்றார் நம்மவர். இன்னொன்றில் மூடி கூடவே ஒட்டியிருந்தது. இடுக்கில் தூசி போகும் என்றார். ஒன்று கனம். இன்னொன்று கனமில்லாததால் கை நடுங்கும்.

"சார், இதுவே போதும் சார்" என்றேன், மெதுவாக.

"அவசரப்படாதே. வாங்கறது ஒரு தடவை."

அடுத்த முறை வீட்டிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்து வந்தார். முழுக்கச் சின்ன எழுத்தில் வரி விளம்பரம். லென்ஸ் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, நான் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். அவர் கடை வாசலில் நின்று ஒவ்வொரு கேமராவாகக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் மேல! நெஞ்சுக்கு நேரா!" என்று கத்துவார். போகிற ஜனங்கள் நின்று என்னைப் படித்துவிட்டுப் போனார்கள். ஒருவர், சைதாப்பேட்டையில் போட்டிருக்கும் அந்த வீடு காலியாக இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார். நான் தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் கேள்வி வரும் என்று ரங்கநாதன் தெருவில் ஏதாவது வாங்கிக்கொண்டு போவேன். ஒரு நாள் பிளாஸ்டிக் குடம். ஒரு நாள் வடிகட்டி. ஒரு நாள் மிதியடி. என் வீட்டுக்காரி குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எங்கய்யா அமுக்கறது?"

நான் குடத்தை வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் கிளம்பினேன்.

"இன்னும் நாலு தபா போய்ட்டு வா. வூட்டுக்கு வேண்டியது எல்லாம் வந்துரும். கேமரா மட்டும் வராது."

ஆவணியும் போய்ப் புரட்டாசியும் வந்தது. ஆவணிக் கல்யாணங்களில் நான் செய்த அலங்காரம் எல்லாம் அன்றன்றே வாடிக் குப்பைக்குப் போனது. மஞ்சள் சட்டைக்காரர் எங்களைத் தூரத்தில் கண்டாலே உள்ளே போய்த் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். இனி நம்மவரைக் கேட்காமல் நானே தனியாகப் போய், முதலில் காட்டுவதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அன்று மாலை அவர் கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல், முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்:

"நல்ல வேளை, நாம எதையும் வாங்கல்லே. இனிமே ஃபிலிம் கேமராவே கிடையாது. டிஜிட்டல்னு வந்திருக்கு. ரோல் வேண்டாம், கழுவ வேண்டாம். எடுத்த உடனே பின்னாடி டி.வி. மாதிரி தெரியும். அமெரிக்காலேர்ந்து அக்கா பிள்ளை தீபாவளிக்கு வரான், கொண்டு வரான். நீயே வெச்சு எடுத்துக்கோ."

அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, நீ போய் ஒரு டப்பாக் கேமரா வாங்கிக்கோ. இவன் பேச்சைக் கேக்காதே."

நான் அவர் பேச்சைத்தான் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கேமராவை அமெரிக்காவில் இருந்த பிள்ளை வாங்கியாகிவிட்டது. அவர் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றும் பாக்கி இல்லை.

தீபாவளிக்கு அது வந்தது. தேங்காய் மூடியைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம். வந்த அன்றே அதில் குற்றம் கண்டுபிடித்துவிட்டார். பென்சில் பேட்டரிகளைத் தின்கிறது, பொத்தான் வலது கைப் பக்கம் அதிகம் தள்ளியிருக்கிறது, பெட்டியின் நிறம் சரியில்லை. ஆனாலும் ஐப்பசியில் மந்தைவெளியில் ஒரு கல்யாணத்துக்கு விடியற்காலையிலேயே குளித்து, விபூதி பூசி, கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். என்னிடம் கொடுத்து, "நீதான் எடுக்கணும். உன் வேலை" என்றார்.

நான் அமுக்கினேன். பின்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் என் மணவறை தெரிந்தது. சம்பங்கித் திரை, நடுவில் ரோஜா வட்டம், இரண்டு பக்கமும் வாழை. இத்தனை வருஷம் நான் செய்தவை எல்லாம் மத்தியானத்துக்குள் பிய்த்து எறியப்பட்டவை. இது என் உள்ளங்கைக்குள் நின்றது. எனக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் அவர் எட்டிப் பார்த்து, "வாழை வெட்டுப்பட்டிருக்கு" என்றார்.

ஒரு பொத்தானைக் காட்டினார். அதன்மேல் குப்பைத்தொட்டிப் படம் போட்டிருந்தது. "இதை அமுக்கினா போயிடும். வேற எடுத்துக்கலாம். ஒண்ணும் வேஸ்ட் இல்லே." அமுக்கினார். டிக் என்று ஒரு சத்தம். வாழை, சம்பங்கி, ரோஜா எல்லாம் போய்விட்டன. நான் மறுபடி எடுத்தேன்.

அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் அத்தனைக்கும் வந்தார். அதைச் சொல்ல வேண்டும். லீவு போட்டு வந்தார். ஒரு வீட்டிலும் பந்தியில் உட்காரவில்லை. "நமக்கு அழைப்பு இல்லையே" என்பார். எனக்கு ஏணி பிடித்தார். பேட்டரி தீர்ந்தால் ஓடிப்போய் அவர் காசிலேயே வாங்கி வந்தார். கல்யாணம் முடிந்ததும் கேமராவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், "நிதானமா உக்காந்து பொறுக்கி வெக்கறேன்" என்பார்.

நான் பூ கொடுக்கப் போகும்போதெல்லாம் அவர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பெருவிரல் மட்டும் அசையும். டிக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிக். ஆல்பத்தில் பக்கம் புரட்டுகிற மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நல்லதெல்லாம் பத்திரமா கீதா சார்?"

"நல்லதை யாராவது அழிப்பாளா?" என்றார், தலையைத் தூக்காமல்.

மார்கழியில் மேனேஜர் வரச்சொன்ன நாள் வந்தது. படத்தைத் தாளில் போட்டுக் கொடுக்க லஸ்ஸில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் ஒருவரைப் பிடித்திருந்தோம். மத்தியானம் அங்கே போனோம். கம்ப்யூட்டர்காரர் ஒயரை மாட்டி, ஏதோ தட்டினார். திரையைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினார்.

"சார், இதுல ஒண்ணுமே இல்லியே."

"ஒயர் சரியில்லையா?" என்றேன்.

"ஒயர் சரியா இருக்கு. படம்தான் இல்லை."

நம்மவர் நாற்காலியில் சாய்ந்து, மிகவும் அமைதியாகச் சொன்னார்: "இருக்காது. ஒண்ணும் சரியா வரல்லே."

நான் அவரையே பார்த்தேன். கத்த வேண்டும் போல இருந்தது. ஆடியிலிருந்து சேர்த்து வைத்த கத்தல். "மேனேஜர் நாலு மணிக்கு வரச்சொன்னார் சார்" என்று மட்டும் சொன்னேன்.

"வா, போலாம். நான் சொல்றேன் அவர்கிட்ட."

வேண்டாம் என்று சொல்ல இப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

மேனேஜர் மேஜை மேல் காலை நீட்டிக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார். "இன்னாபா, ஆல்பம் கொண்டாந்தியா?"

"ஆல்பம் இல்லே" என்றார் அவர், எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. "படம் எல்லாம் அழிச்சுட்டேன்."

"நீங்க யாரு?"

"இவருக்குக் கேமரா பாத்துக் கொடுத்தவன். காரணம் சொல்றேன், கேளுங்கோ. முதல் கல்யாணம் மந்தைவெளில. பின்னாடி சம்பங்கித் திரை. நடுவுல ரோஜாவால ஒரு வட்டம். எட்டி நின்னு பாத்தா பௌர்ணமி மாதிரி இருந்தது. படத்துல அது கோழிமுட்டையா வந்துடுத்து. அதைப் போய் உங்களுக்குக் காட்டலாமா? போட்டுட்டேன் குப்பையில. ரெண்டாவது அடையாறு. ஃபிளாஷ் போட்டா சம்பங்கி சோத்துப் பருக்கையா வெளுக்கறது. போடாட்டா ரோஜா கறுத்துப் போறது. மூணாவது கோடம்பாக்கம். தென்னங்குருத்துல கிளி பண்ணி வாசல் வளைவு பூரா உக்காத்தி வெச்சிருந்தார். ஒவ்வொரு கிளிக்கும் மூக்குக்கு ஒரு செகப்பு மொளகா."

மேனேஜர் பல் குத்துவதை நிறுத்தினார். "மொளகாயா?"

"பழுத்த மொளகா. நுனி வளைஞ்சதாப் பாத்து எடுத்திருந்தார். அத்தனையும் ஒரே அளவு. படத்துல அத்தனையும் கறுப்பா வந்தது. கறுப்பு மூக்குக் கிளி உண்டா ஓய்?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மொளகாயா வெச்சே?" நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இப்படியே ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார். எந்த மண்டபம், எந்தப் பூ, படத்தில் என்ன குற்றம். நானே மறந்துபோனதை எல்லாம் சொன்னார். நடுவில் மேனேஜர் கேட்டார்: "அது சரி, படத்துல குத்தம். இவரு வேலையில?"

அவர் புரியாதவர் போலப் பார்த்தார். "வேலையில என்ன? இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் அவர் எழுந்துவிட்டார். "உங்க மண்டபத்துலதான் நிறைய இருக்கு" என்று ஆரம்பித்தார். மேடையின் மூன்றாவது படி மற்றதைவிட உயரம், மணப்பெண் தடுக்கிக்கொள்வாள். கடிகாரம் தூணுக்குப் பின்னால் இருக்கிறது, முகூர்த்தம் பார்ப்பவர் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். ட்யூப்லைட் ஒன்று துடிக்கிறது. "சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே தானே உள்ளே நடந்துபோனார்.

மேனேஜர் மேஜையிலிருந்து காலை இறக்கினார். கூடத்திலிருந்து, "இந்தக் குழாய் சொட்டறதே!" என்று குரல் வந்தது.

"இந்தா பா" என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "தை முதல் முகூர்த்தம் நீ பண்ணு. வாசல்ல அந்தக் கிளி வெச்சுடு. நல்லா வந்தா மத்ததையும் நீயே பாத்துக்க. ஆனா ஒண்ணு. அந்த ஆளு இன்னொரு தபா இந்த கேட்டத் தாண்டி உள்ள வரக் கூடாது. வந்தார்னா நீயும் வராத."

அதை அவரிடம் எப்படிச் சொல்வது? முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சொல்லிவிடுவது என்று மாடி ஏறினேன். அவர் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். புதுப் பேட்டரிகள் மேஜையில் வரிசையாக நின்றன. "வெளிச்சத்துலயே எடுக்கலாம் நாளைக்கு. வாசல் கிழக்குப் பாத்துதானே இருக்கு?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். மண்டபத்து வாட்ச்மேனிடம் போய்ச் சொல்லி வைத்தேன்.

காலையில் நான் வாசல் வளைவின் ஏணி மேல் நின்றபோது அவர் வந்தார். வாட்ச்மேன் கையை நீட்டி மறித்து ஏதோ சொன்னான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, அழைப்பு இல்லையே" என்று தானே சொல்லிக்கொண்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்தில் போய் நின்றார். முன்பு நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி, துண்டில் சுற்றிய கேமராவைப் பிடித்துக்கொண்டு.

அங்கிருந்து கையை ஆட்டினார். இடது பக்கம் கொஞ்சம் மேலே என்று சைகை. நான் பார்த்தேன். கிளி வரிசை அந்தப் பக்கம் இறங்கித்தான் இருந்தது. தூக்கிக் கட்டினேன். இன்னும் கொஞ்சம் என்றார். தூக்கினேன். இன்னும் ஒரு நூல் என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

கோயிலிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து வாசலில் நின்றார். நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. ஆரத்தி எடுக்க வந்த பெண்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளிகளை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி எட்டி ஒரு மூக்கைத் தொட்டு, "ஐயோ, நிஜ மொளகா!" என்றாள். பெண்ணின் அப்பா மேனேஜரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். மேனேஜர் என் பக்கத்தில் வந்து, தோளில் கையை வைத்தார்.

"அடுத்த முகூர்த்தத்துக்கும் நீயே வந்துடு."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் வீட்டுக்காரியிடம் எப்போது போய்ச் சொல்வேன் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் அவர் கேமராவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தார். காலை வெயில் நேராக வளைவின்மேல் விழுந்துகொண்டிருந்தது. கிளி, வாழை, மாப்பிள்ளை, மேனேஜர், நான், எல்லாம் அதற்குள் இருந்திருப்போம். அமுக்கினார். கேமராவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவருடைய பெருவிரல் மெதுவாக நகர ஆரம்பித்தது. அது எந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"சார்! அழிக்காதீங்க சார்!"

அது என் குரல்தான். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டார். தவில் நின்றது. ஊர்வலம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மேனேஜர் தோளிலிருந்து கையை எடுத்து, "உனக்கு வாய் கீதா?" என்றார்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ரொம்ப வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் பெருவிரலை அமுக்கினார். பிறகு, நான் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று, கையை வாயருகே குவித்துத் தெருவே கேட்கும்படி காரணம் சொன்னார்:

"மூக்கு கறுப்பா வந்துடுத்துப்பா!"

வாசலில் நின்ற மாப்பிள்ளை தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.